கிண்ணத்தில் நிறைந்த கண்ணீர்

தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையில் விளையும் திராட்சை மது உலகச் சந்தையில் பெயர் பெற்றது. அதன் வரலாற்றை வரைவோர் சில பெயர்களை மறவாது உரைப்பர். 1655-இல் கொடி கொணர்ந்த டச்சுக் கம்பெனித் தலைவன் யான் வான் ரீபெக். 1685-இல் கான்ஸ்டான்ஷியாத் தோட்டத்தைப் பெற்ற சீமோன் வான் டெர் ஸ்டெல். 1688-இல் வந்திறங்கிய பிரெஞ்சு ஹியூகனாட்டுகள். மண்ணைக் கொத்தியவன் யார், கனியைப் பறித்தவன் யார் என்று கேட்டால் மட்டும் ஏடுகள் ஊமையாகிவிடுகின்றன!

1659 பிப்ரவரி 2-ஆம் நாள் அங்கு முதன்முதலாக மது பிழியப்பட்டது. ரீபெக் தன் நாட்குறிப்பில் ஆண்டவனுக்கு நன்றி செலுத்தினான். ஆண்டவனா கொடிக்கு நீர் வார்த்தான்? முந்திய ஆண்டிலேயே கப்பலில் அடிமைகள் வந்து இறங்கிவிட்டனரே! பின்னர் மடகாஸ்கர், மொசாம்பிக், இந்தோனேசியத் தீவுகள், வங்காளம், ஏன், நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் மக்கள் விலைப்பொருளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். மதக் கொடுமைக்கு அஞ்சிப் பிரான்சை விட்டோடி வந்த ஹியூகனாட்டுகளும் அடிமைகளை வாங்கினர். கொடுமையின் சுவை அறிந்தவரே பிறர்க்கு அதை ஊட்டினர்!

1834-இல் பிரிட்டிஷ் சட்டம் அடிமை முறையை ஒழித்தது. பேரரசு முழுமைக்கும் 2 கோடி பவுன் இழப்பீடு ஒதுக்கினர். யாருக்கு? அடிமைகளை வைத்திருந்த ஆண்டைகளுக்கு! உழைத்தவனுக்கு ஒரு காசும் இல்லை. 'தொழில் பழகுவோன்' என்ற புதுப் பெயரோடு 1838 வரை அவனை அதே ஆண்டையிடம் கட்டிவைத்தனர்.

விலங்கு கழன்றபின்னும் கிண்ணம் கழலவில்லை. அடிமைக் காலத்திலேயே வேரூன்றிய 'டொப்' முறை தொடர்ந்தது. கூலியின் ஒரு பகுதிக்கு ஈடாக, மட்டமான மதுவை நாள்தோறும் பலமுறை ஊற்றிக் கொடுக்கும் முறை அது. போதைக்கு அடிமையானவன் தோட்டத்தை விட்டு எங்கே போவான்? இரும்புச் சங்கிலியினும் மலிவான சங்கிலியன்றோ அது! 1960-களில் சட்டம் தடுத்தும், 1990-களிலும் சில தோட்டங்களில் அது மடியவில்லை. தாய் அருந்திய மதுவால் கருவிலேயே குறையுற்றுப் பிறக்கும் குழந்தைகள் உலகிலேயே மிகுதியாகக் காணப்படும் பகுதிகளுள் இத்திராட்சை நிலமும் ஒன்று.

'குடி அவர்தம் பிறவிக் குணம்' என்று பேசுவோர் உண்டு. பிறவிக் குணமாம்! நம் நாட்டில் 'தலைவிதி' என்று ஏய்த்தவர் சொன்ன அதே பொய் அங்கே வேறு உடை உடுத்தி நிற்கிறது. தலைமுறை தலைமுறையாகக் கூலிக்குப் பதில் மதுவை ஊற்றிய கை கண்ணுக்குத் தெரியவில்லையா?

அந்தப் பொய்யை உழைப்பாளரே உடைத்தனர். 2012 நவம்பரில், உண்ணும் திராட்சை விளையும் டி டோர்ன்ஸ் பகுதியில் வேலைநிறுத்தம் வெடித்து, மதுத் தோட்டங்களுக்கும் பரவியது. அன்று குறைந்தபட்ச நாட்கூலி 69 ராண்ட். அவர்கள் கேட்டது 150. 2013 மார்ச்சில் அது 105 ஆக உயர்ந்தது. கேட்டது முழுதும் கிட்டவில்லை. கிட்டியதும் வேண்டுதலால் கிட்டியதன்று, ஒன்றுபட்டு நின்றதால் கிட்டியது.

தோழர்களே! கொடியின்மேல் நமக்குக் கோபமில்லை. புட்டியின்மேல் மதுவின் வயதைப் பெருமையுடன் பொறிக்கின்றனர். அதைப் பிழிந்த கைகளின் வரலாற்றையும் பொறிக்கட்டும் என்கிறோம். அது எழுதப்படும் வரை, எழுதப்பட்டதை வரலாறு என ஏற்க மாட்டோம்!