குதிரை வண்டிக் கதைக்குக் கடன் கிடையாது

எம்.டி.ஹெச். மசாலா டப்பாவில் இருக்கும் தலைப்பாகைத் தாத்தாவை டில்லிக்கு வந்த தமிழ்க் குடும்பங்களுக்கு அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. கதையும் தெரிந்ததுதான். 1919-ல் சியால்கோட்டில் சுன்னிலால் குலாட்டி தொடங்கிய மசாலாக் கடை. 1947 பிரிவினையில் எல்லாம் போய், மகன் தரம்பால் டில்லிக்கு வருகிறார். கையில் 1,500 ரூபாய். அதில் 650-க்கு ஒரு குதிரை வண்டி வாங்கி ஓட்டியதாக அவரே சொல்லியிருக்கிறார். பிறகு வண்டியை விற்றுக் கரோல்பாகில் ஒரு சின்னக் கடை. 1959-ல் கீர்த்தி நகரில் தொழிற்சாலை. 2019-ல் பத்மபூஷண். 2020-ல் 97 வயதில் காலமானார்.

பெரிய உழைப்பாளி, சந்தேகமே இல்லை. ஆனால் அந்தக் கதையையே பொடிக்குத் தரச் சான்றிதழாக நாம் எடுத்துக்கொள்கிறோமே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது.

2024 ஏப்ரலில் ஹாங்காங் உணவுப் பாதுகாப்பு மையம், இந்தக் கம்பெனியின் மூன்று பொடிகளில் எத்திலீன் ஆக்சைடு இருந்ததாகச் சொல்லி விற்பனையை நிறுத்தச் சொன்னது. கிருமியைக் கொல்லப் பயன்படும் வாயு அது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பட்டியலில் இருப்பது. மூன்றில் ஒன்று சாம்பார் மசாலா, இன்னொன்று மெட்ராஸ் கறி பவுடர்! (எந்த மெட்ராஸ்காரர் வீட்டில் அந்தப் பெயரில் பொடி இருந்தது என்று கேட்காதீர்கள்.) அந்த வாயுவை நாங்கள் தொடுவதே இல்லை என்று கம்பெனி மறுத்தது. வந்தவரை சோதனை முடிவுகளில் அது இல்லை என்று மே மாதம் நம் உணவுப் பாதுகாப்பு ஆணையமும் சொன்னது.

இரண்டுமே உண்மையாக இருக்கலாம், பாட்ச் வேறாக இருந்தால். ஆனால் கடையில் டப்பாவைக் கையில் எடுக்கும் நமக்கு, இந்த பாட்ச் என்ன முடிவு வாங்கியது என்று பார்க்க வழி இருக்கிறதா?

வங்கியில் வருஷக்கணக்காகக் கடன் ஃபைல் பார்க்கிறவன் நான். "எங்க தாத்தா வண்டி ஓட்டி முன்னுக்கு வந்தவர் சார்" என்று ஒருவர் சொன்னால் காபி வாங்கிக் கொடுப்பேன். கடன் கேட்டால், பேலன்ஸ் ஷீட் எங்கே என்றுதான் கேட்பேன். தாத்தாவின் நேர்மை தாத்தாவோடு. கணக்கை வருஷா வருஷம் காட்ட வேண்டும்.

"நாங்கதான் ஊர்ல மிஷின்ல அரைச்சு எடுத்துட்டு வர்றோமே" என்பீர்கள். சரி, ஹாஸ்டலில் இருக்கும் உங்கள் பிள்ளை சாப்பிடும் சாம்பாரில் எந்தப் பொடி?

டப்பாவில் பாட்ச் நம்பர் இருக்கிறது. அந்த நம்பருக்குரிய சோதனை முடிவை எல்லோரும் பார்க்கும்படி போடட்டும். இந்தக் கம்பெனி மட்டுமல்ல, நம்ம ஈரோடு, சென்னைக் கம்பெனிகளும்தான். நம்ம ஊர்க்காரர் என்பதும் இன்னொரு குதிரை வண்டிக் கதையே.

தாத்தா படத்துக்கு ஒரு கும்பிடு. பொடிக்கு ரிப்போர்ட் வேணும்.