ஐயரும் பந்தாடட்டுமே!

எங்கள் நெல்லைச் சீமையில் ‘ஐயர்’ என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. வெளி மாவட்டங்களிலிருந்து நம் கல்லூரிக்கு வந்த நண்பர்கள் முதலில் சற்றுத் திகைத்துத்தான் போவார்கள். கிறிஸ்தவப் போதகரை இங்குள்ள கிராமத்து மக்கள் ஐயர் என்றே அழைப்பது வழக்கம். அவருடைய மனைவி ஐயரம்மா. அவர்கள் குடியிருக்கும் வீடு குருமனை. கால்டுவெல் ஐயர், போப் ஐயர் என்று நம் முன்னோர் சொன்னதும் இந்தப் பொருளில்தான்.

நான் மேலப்பாளையத்துப் பெண். உம்மா பீடி சுற்றுகிறார்கள். வாப்பா செவ்வாய்க்கிழமைச் சந்தையில் மாட்டுத் தரகு பார்க்கிறார்கள். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஒரு போதகரைப் பற்றி எழுத இவளுக்கு என்ன உரிமை என்று கேட்கலாம். பதினொன்றாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் எனக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஓர் ஐயரம்மா. எங்கள் ஊரை அடுத்த ஒரு சிற்றூரின் குருமனைத் திண்ணையில்தான் வகுப்பு நடக்கும். இரண்டாண்டுக் காலம் ஒரு வீட்டின் திண்ணையில் உட்கார்ந்தவளுக்கு அந்த வீட்டின் சுகமும் துக்கமும் தெரியாமல் போகுமா?

அந்த ஐயருக்கு அப்போது முப்பது வயது நிரம்பவில்லை. பனையேறிய ஒருவரின் மகன். அவர் வீட்டில் பட்டம் பெற்ற முதல் ஆள் அவர்தான். அவருடைய சேகரத்தில் ஐந்து சபைகள். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன்னே அங்கியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மோட்டார் சைக்கிளில் புறப்பட்டால், ஐந்தாவது ஊரில் ஆராதனை முடிந்து வீடு திரும்ப உச்சிப்பொழுது தாண்டிவிடும். மற்ற நாட்களில் ஓய்வு என்று நினைத்துவிடாதீர்கள். பிள்ளைக்குப் பள்ளியில் இடம் வேண்டும் என்று ஒரு தாய் வருவார். கோபித்துக்கொண்டு பிறந்த வீடு போன மனைவியை அழைத்துவர வேண்டும் என்று ஒருவர் நிற்பார். பிற்பகலில் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்க வேண்டும். இரவில் எந்நேரமும் சாவுச் செய்தி வரலாம். சாவு வீட்டுக்கு முதலில் போய்க் கடைசியில் திரும்புகிறவர் அவர்.

ஒருநாள் காலையில் அடக்கம், மாலையில் கல்யாணம். இரண்டையும் முடித்துக்கொண்டு வந்தவர் திண்ணைப் படியில் அமர்ந்து தேநீர் குடித்தபடியே, “இன்றைக்கு என்ன கணக்கு?” என்று எங்களைக் கேட்டார். தாமே ஒன்றைப் போட்டுப் பார்த்தார். விடை தப்பாக வந்தது. டீச்சர் தலையில் அடித்துக்கொள்ள, அவர் விழுந்து விழுந்து சிரித்தார். காலையில் ஒரு குழந்தையைப் புதைத்துவிட்டு வந்தவர் அவர் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தச் சிரிப்பு எனக்கு ஒன்றைக் கற்பித்தது. ஊரார் துயரத்தைத் தூக்கிச் சுமப்பவருக்குத் தோளை இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டும்.

அவருடைய இன்பங்கள் பெரியவை அல்ல. மூன்று வயது மகளை மோட்டார் சைக்கிளின் முன்னால் உட்கார வைத்து ஆலயத்தை ஒரு சுற்றுச் சுற்றுவார். கிணற்றடியில் தக்காளிச் செடி வளர்த்தார். நோன்பு மாதத்தில் எங்கள் உம்மா தூக்குவாளியில் கஞ்சி கொடுத்துவிட்டால், சிறு பிள்ளையைப் போல வாசலுக்கே வந்து வாங்கிக்கொள்வார். எல்லாவற்றுக்கும் மேலாகக் கைப்பந்து. ஆலயத்தை ஒட்டிய திடலில் மாலை ஐந்தரை மணிக்கு அரைக்கால் சட்டையோடு இறங்கிவிடுவார். மூன்று மதத்துப் பையன்களும் அந்த வலையின் இருபுறமும் நின்றார்கள்.

இந்தப் பந்துதான் குறையாகப் பேசப்பட்டது. “திருவிருந்து கொடுக்கிற கை பந்தடிக்கலாமா? அங்கி போட்டவர் அரைக்கால் சட்டையோடு குதித்தால் சிறுவர்களுக்கு மரியாதை எப்படி வரும்?” என்று பெரியவர்கள் சிலர் கமிட்டியில் கேட்டார்களாம். அவர் மறுத்துப் பேசவில்லை. ஆட்டத்தை நிறுத்திவிட்டார். சில நாட்கள் திண்ணையில் உட்கார்ந்து பையன்கள் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பையன்களும் வரவில்லை. வலை மட்டும் கம்பத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டே அவருக்கு மாறுதலும் வந்துவிட்டது.

பெரியவர்களின் கேள்வியை நான் எள்ளி நகையாட விரும்பவில்லை. புனிதமான ஒன்றைத் தொடும் கையில் ஓர் அடக்கம் இருக்க வேண்டும் என்று அவர்கள் எண்ணுவது நியாயமே. எங்கள் மார்க்கத்திலும் அப்படி எண்ணுவோர் உண்டு. ஆனால் மரியாதை எங்கிருந்து பிறக்கிறது என்பதில்தான் நான் அவர்களிடமிருந்து வேறுபடுகிறேன்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நாம் யாரும் மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணி கரையை மீறிற்று. அன்று தாழ்வான தெருக்களின் மக்கள் அந்த ஆலயத்தில்தான் தங்கினார்கள். ஐயர் கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு நீரில் கிழவிகளைத் தோளில் சுமந்து வந்தார். இரவெல்லாம் அடுப்படியில் நின்று கஞ்சி காய்ச்சினார். அன்றைக்கு அவர் உடம்பில் அங்கி இல்லை. யாரும் குறை சொல்லவில்லை, கையெடுத்துக் கும்பிட்டார்கள். கிழவியைச் சுமந்த தோளுக்கு அந்த வலிமையைக் கொடுத்தது அந்தப் பந்துத் திடல் அல்லவா? வெள்ளத்தில் கைலி கட்டலாம், திடலில் அரைக்கால் சட்டை போடக் கூடாது என்றால், அவர் நமக்கு உழைக்கும்போது மட்டும் மனிதர், மகிழும்போது மனிதர் அல்லர் என்று ஆகிறது.

நம் மாவட்டத்தின் வரலாற்றையே பாருங்கள். 1820இல் பாளையங்கோட்டைக்கு வந்த ரேனியஸ் ஐயர், 1832இல் ‘பூமி சாஸ்திரம்’ என்ற நூலைத் தமிழில் எழுதினார். அறிவியல் படிக்கும் நாம் அவரை நன்றியோடு நினைக்க வேண்டும். கால்டுவெல் ஐயர் இடையன்குடிக்கு வந்தபோது வயது இருபத்தேழு. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தை 1856இல் வெளியிட்டார். கொற்கையில் மண்ணைத் தோண்டிப் பழமையைத் தேடினார். இளவயதில் சாயர்புரத்தில் பள்ளி நடத்திய போப் ஐயர், 1886இல் திருக்குறளை ஆங்கிலத்தில் தந்தார். இவையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு அவசியமான வேலைகளா? அல்லவே! மனம் விரும்பிச் செய்தவை. அந்த விருப்பங்களை எவரேனும் தடுத்திருந்தால் இழப்பு தமிழுக்குத்தான். எல்லாருடைய விருப்பமும் நூலாக வேண்டியதில்லை. ஒருவருடைய விருப்பம் பந்தாகவும் இருக்கலாம்.

இந்தச் செய்தி என்னை இவ்வளவு தைப்பதற்கு வேறொரு காரணமும் உண்டு. முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் எங்களுக்கும் கண்ணுக்குத் தெரியாத ஓர் அங்கி மாட்டப்பட்டிருக்கிறது. சென்ற ஆண்டு பேருந்தில் தோழியரோடு நான் சற்று உரக்கச் சிரித்துவிட்டேன். மாலைக்குள் செய்தி வாப்பாவிடம் போய்விட்டது. “காலேஜுக்குப் போகிற பிள்ளை இப்படியா சிரிப்பது?” என்று ஒருவர் சந்தைக்கே வந்து கேட்டிருக்கிறார். நடுங்கிக்கொண்டு நின்ற என்னிடம் வாப்பா சொன்னது இதுதான்: “நல்ல மாடு அவிழ்த்துவிட்டால் ஒரு துள்ளுத் துள்ளும் தாயி. துள்ளாமல் நின்றால்தான், இதற்கு என்ன நோயோ என்று நாங்கள் வாலைத் தூக்கிப் பார்ப்போம்.”

ஏட்டில் படிக்காத என் வாப்பாவுக்குத் தெரிந்தது, படித்த நமக்குத் தெரிய வேண்டாமா? நாளை நம்மில் பலர் ஆசிரியராவோம், செவிலியராவோம், அதிகாரியாவோம். நமக்கும் ஒவ்வோர் அங்கி காத்திருக்கிறது. அதைப் போட்டுக்கொள்வோம், அதற்குரிய கடமையை ஒழுங்காகச் செய்வோம். ஆனால் மாலை ஐந்தரை மணிக்கு அதைக் கழற்றி மாட்டிவிட்டுத் திடலுக்குப் போகிற ஒருவரைக் கண்டால், அவர் ஐயரானாலும் ஆலிமானாலும் அர்ச்சகரானாலும், குறை சொல்லக் கமிட்டிக்கு ஓடாதிருப்போம். முடிந்தால் வலையின் மறுபுறம் போய் நிற்போம்.

அந்த ஐயர் இப்போது எந்த ஊரில் இருக்கிறாரோ, அங்கே ஆலயத்தை ஒட்டி ஒரு திடல் இருக்க வேண்டும் என்பதே என் ஆசை.