பழைய கேமுக்குப் புதுப் பெட்டி எதற்கு?

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ், ரோட் ராஷ், வைஸ் சிட்டி... இந்தப் பெயர்களைச் சொன்னால் திருவண்ணாமலையில் பல அண்ணன்களுக்கு பிரவுசிங் சென்டர் ஞாபகம் வரும். அதே கேம்களை இப்போது கையடக்கமாக விளையாடலாம் என்று ஸ்டீம் டெக்கைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா? பழைய கேமுக்காக மட்டும் என்றால், வேண்டாம்.

முதலில் கருவியைப் பற்றி. வால்வ் நிறுவனம் 2022 பிப்ரவரியில் வெளியிட்டது. முதல் மாடலில் 7 அங்குலத் திரை, ஆரம்ப விலை 399 டாலர். முதலில் விற்பனைக்கு வந்த நாடுகளில் இந்தியா இல்லை. அதனால் இங்கே ஆசைப்பட்டவர்கள் வெளிநாட்டு உறவினரை நம்பினார்கள், அல்லது இறக்குமதி செய்து விற்றவர் சொன்ன விலையைக் கொடுத்தார்கள்.

பழைய கேமுக்கு அது நல்ல கருவிதான், குறை சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் டச் பேட் இருப்பதால் மவுஸ் கேம்களும் ஆடலாம். பழைய கேம் அதிக மின்சாரம் தின்னாது, பேட்டரி நிற்கும். சின்ன எழுத்தைப் படிக்கத்தான் கண் வலிக்கும்.

ஆனால் விஷயம் பெட்டியில் இல்லை. உள்ளே ஓடுவது விண்டோஸே இல்லை, லினக்ஸ்! விண்டோஸுக்கு எழுதிய கேம் அதில் எப்படி ஓடுகிறது? 2018ல் வால்வ் வெளியிட்ட புரோட்டான் என்ற மென்பொருளால். அதற்கு அடித்தளம் வைன். (டாஸ்மாக் ஞாபகம் வேண்டாம் :-) ) கேம் விண்டோஸிடம் கேட்பதை லினக்ஸுக்குப் புரிகிற மாதிரி மாற்றிச் சொல்லும் மொழிபெயர்ப்பாளர் அது. 1993லேயே தொடங்கிய இலவச மென்பொருள். டாஸ் காலத்து டேவ், பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவுக்கு டாஸ்பாக்ஸ் இருக்கிறது. அதுவும் இலவசம்.

விற்றவர்கள் என்ன செய்தார்கள்? சேஃப்டிஸ்க் என்ற பூட்டு போட்டு விற்ற சிடிக்கள் 2015ல் வந்த விண்டோஸ் 10ல் ஓடவில்லை. காசு கொடுத்து ஒரிஜினல் வாங்கியவர் மாட்டிக்கொண்டார், திருட்டு சிடிக்காரர் தப்பித்தார். 2021ல் வைஸ் சிட்டியின் புது வடிவம் வந்தபோது பழையதைக் கடைகளிலிருந்து எடுத்தார்கள். புதியதில் ஏகப்பட்ட கோளாறு. ராக்ஸ்டார் மன்னிப்புக் கேட்டு, பழையதைத் தன் கடையில் திரும்ப வைத்தது.

அருணாசலேஸ்வரர் கோயிலுக்கு 2017ல் கும்பாபிஷேகம் நடந்தது. எந்தக் கோபுரமும் தானாக நூற்றாண்டுகள் நிற்பதில்லை. செடியைப் பிடுங்கி, விரிசலை அடைத்து, வர்ணம் பூச ஆள் வேண்டும். பழைய மென்பொருளும் அப்படித்தான். அந்தத் திருப்பணியைச் செய்தவர்களில் பலர் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள்.

இனி நம் ஊர்க் கணக்கு. தமிழக அரசு 2011ல் மாணவர்களுக்கு இலவச லேப்டாப் கொடுக்க ஆரம்பித்தது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் அதில் இருந்தது. பலர் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் எழுதினால், 100 ரூபாய்ப் பொருள் 10 ஆண்டில் 60 காசு. ஏட்டில் செத்த பொருள்! ஆனால் வைஸ் சிட்டி கேட்பது 128 எம்பி ராம்தான், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 கேட்பது வெறும் 32 எம்பி. பரணில் கிடக்கும் லேப்டாப் பவர் ஆன் ஆனால் போதும், இரண்டுக்கும் தாராளம்.

கஷ்டமே இல்லை என்று சொன்னால் பொய். சில கேம் முதல் தடவையே ஓடும், சிலவற்றுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போகும், சில ஓடவே ஓடாது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமையில் கற்றுக்கொள்வது கேமை விடப் பெரிது. கடையில் 2008 முதல் பழைய கேம்களைப் பூட்டில்லாமல் விற்கும் ஜிஓஜியும் இருக்கிறது. திருட்டு சிடி தேவையில்லை.

வசதி இருப்பவர்கள் ஸ்டீம் டெக் வாங்கட்டும், தப்பில்லை. மற்றவர்கள் முதலில் பரணைப் பார்க்கலாம்.

டிஸ்கி: செமஸ்டர் நேரத்தில் ஆரம்பித்து அரியர் விழுந்தால், அதற்கு வைன் பொறுப்பல்ல.