அட்டைப்பெட்டியில் அச்சிட்ட பெயரும் உள்ளே கிடக்கும் பொருளும்

நன்னூல் வகுப்பில் இடுகுறிப் பெயர், காரணப் பெயர் என்று பிரித்துச் சொல்லும்போது மாணவர்கள் கொட்டாவி விடுவது வழக்கம். மரம், மலை என்பன இடுகுறி. பறவை, நாற்காலி என்பன காரணம். இவ்விரண்டுக்கும் அப்பால் மூன்றாவது வகையொன்று உண்டென்று நாம் சில ஆண்டுகளாக எண்ணி வருகிறோம். விற்கும்வரை காரணப் பெயர்போலத் தோற்றம் காட்டிவிட்டு, பணம் கைமாறிய மறுகணம் இடுகுறியாகிவிடும் பெயர் அது. கணினி உதிரிபாக வணிகம் இவ்வகைப் பெயர்களைத்தான் தாராளமாகப் புழங்க விட்டிருக்கிறது.

சான்றுக்கு வருவோம். என்விடியா நிறுவனம் 2017இல் ஜிடி 1030 என்னும் மலிவு விலை கிராபிக்ஸ் கார்டை வெளியிட்டது. ஜிடிடிஆர்5 நினைவகம் பொருத்திய அக்கார்டில் நொடிக்கு 48 ஜிகாபைட் தரவு போய்வந்தது. மறு ஆண்டில் அதே ஜிடி 1030 என்ற பெயரிலேயே, சாதாரண டிடிஆர்4 நினைவகத்துடன் இன்னொரு கார்டு கடைக்கு வந்தது. அதில் போய்வந்தது நொடிக்கு ஏறத்தாழ 17 ஜிகாபைட்தான். மூன்றில் ஒரு பங்கு! பெயரில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. பெட்டியின் ஓரத்தில் சிறிய எழுத்தில் டிடிஆர்4 என்றிருந்ததைப் படித்தவன் தப்பினான். படிக்காதவன் அதே பெயருக்குப் பணம் கொடுத்து வேறு பொருளை வீட்டுக்குக் கொண்டுபோனான். 2016இல் வந்த ஜிடிஎக்ஸ் 1060இலும் இதுவே கதை. 6 ஜிபி, 3 ஜிபி என்று இரண்டு வந்தன. வேறுபாடு நினைவகத்தில் மட்டுமே என்றுதான் எவரும் கருதுவர். ஆனால் முன்னதில் கணிப்பு அலகுகள் 1280, பின்னதில் 1152. இவற்றுக்கெல்லாம் முன்னோடி ஜிடிஎக்ஸ் 970. 4 ஜிபி என்று விற்கப்பட்ட அக்கார்டின் கடைசி அரை ஜிபி மட்டும் நத்தை வேகத்தில் இயங்குவதை 2015 தொடக்கத்தில் வாங்கியவர்கள்தாம் கண்டுபிடித்தார்கள். அமெரிக்காவில் வழக்கு நடந்து, கார்டு ஒன்றுக்கு 30 டாலர் தர நிறுவனம் 2016இல் இணங்கியது. இந்தியாவில் வாங்கியவனுக்கு என்ன கிடைத்தது என்று கேட்க வேண்டியதில்லை.

கிராபிக்ஸ் கார்டோடு இது நின்றதா? குரூசியல் பி2 என்னும் எஸ்எஸ்டி முதலில் டிஎல்சி வகைச் சில்லுகளோடு வந்தது. மதிப்புரைகள் எல்லாம் அதைப் பார்த்தே எழுதப்பட்டன. பின்னர் அதே பெயரில், அதே உறையில், வேகம் குறைந்த கியூஎல்சி சில்லுகள் வைத்து விற்கப்பட்டது 2021இல் அம்பலமாயிற்று. அதற்குப் பல ஆண்டுகள் முன்பே, 2014இல், கிங்ஸ்டன் வி300 இதே வித்தையைச் செய்து காட்டியிருந்தது. முதலில் நல்ல சரக்கை மதிப்புரையாளருக்கு அனுப்பு, புகழ் பரவியபின் உள்ளிருப்பதை மாற்று. பந்திக்கு முதல் வரிசையில் நெய்யும் கடைசி வரிசையில் டால்டாவும் ஊற்றும் சமையற்காரரை நம்மூரில் என்ன சொல்லித் திட்டுவார்களோ, அச்சொல்லை இங்கே எழுத முடியாது.

நம் இலக்கிய நண்பர்களுள் சிலர் இதைக் கேட்டுச் சிரிக்கின்றனர். விளையாட்டுப் பிள்ளைகளின் வண்ணவிளக்குப் பெட்டிக்கு இவ்வளவு கோபமா என்பது அவர்கள் கேள்வி. ஓவர்கிளாக்கிங் என்ற சொல்லைக் கேட்டதுமே அவர்கள் கண்முன் பணக்கார வீட்டுப் பையன் ஒருவன் தோன்றிவிடுகிறான். இந்தத் தோற்றம் வரலாறு அறியாமையால் வந்தது. அதை மறுக்கவே இதை எழுதுகிறோம்.

ஓவர்கிளாக்கிங் ஏழையின் கலையாகத்தான் பரவியது. 1998இல் இன்டெல் வெளியிட்ட செலரான் 300ஏ அதன் காவிய நாயகன். 66 மெகாஹெர்ட்ஸ் பஸ், 4.5 பெருக்கி, ஆக 300 மெகாஹெர்ட்ஸ். பஸ்ஸின் வேகத்தை 100க்கு மாற்றினால் அதே பெருக்கியில் 450 வந்துவிடும். அவ்வாண்டின் உச்சியில் இருந்த பென்டியம் II 450இன் விலையோ பல மடங்கு. பெரும்பாலான 300ஏ சில்லுகள் அந்த வேகத்தை முணுமுணுப்பின்றித் தாங்கின. 2000இல் ஏஎம்டியின் டியூரான், அத்லான் சில்லுகளின் மேற்பரப்பில் அறுபட்டிருந்த நுண்ணிய இணைப்புகளைச் சாதாரணப் பென்சிலால் கோடிழுத்து இணைத்துப் பெருக்கியைத் திறந்தார்கள். பென்சில் முனையிலுள்ள கிராபைட் மின்சாரத்தைக் கடத்தும், அவ்வளவுதான் அதன் இரகசியம். ஒரு பென்சில் என்ன விலை இருக்கும்!

இது திருட்டில்லையா என்பாரும் உளர். இல்லை. ஒரே சிலிக்கன் வட்டிலிலிருந்து வெட்டியெடுத்த சில்லுகளைச் சோதித்து, தேறிய வேகத்துக்கேற்ப வெவ்வேறு பெயரிட்டு விற்பதே இத்தொழிலின் முறை. உற்பத்தி செம்மைப்பட்டபின் பெரும்பாலானவை உயர்ந்த வேகத்தில் தேறிவிடும். ஆனால் சந்தையில் மலிவுச் சரக்குக்குத்தான் கிராக்கி மிகுதி. எனவே நன்கு தேறியதற்கும் தாழ்ந்த பெயரைச் சூட்டி அனுப்புவர். ஓவர்கிளாக் செய்பவன் பொருளின் இயல்பை மீறுவதில்லை. அதன்மேல் ஒட்டிய பெயரை ஐயுற்று, உள்ளதைச் சோதித்துப் பார்க்கிறான். பாடபேதம் பார்க்கும் பதிப்பாசிரியனின் வேலைக்கும் இதற்கும் பெரிய தொலைவில்லை என்பது நம் எண்ணம்.

நிறுவனங்கள் தரப்பில் நியாயமே இல்லையென்று சொல்ல மாட்டோம். 90களில் குறைந்த வேகச் சில்லின் மேலெழுத்தைச் சுரண்டிவிட்டு உயர்ந்த எண்ணை அச்சிட்டு விற்ற வணிகர்கள் இருந்தனர். பெருக்கியைப் பூட்டுவதற்கு அது உண்மையான காரணமாக இருந்தது. ஆயின் 2011இல் நடந்ததற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. சாண்டி பிரிட்ஜ் வரிசையில் அடிப்படைக் கடிகாரத்தோடு மற்ற இணைப்புகள் யாவும் பிணைக்கப்பட்டதால் பஸ் வழியாக வேகமேற்றும் பழைய பாதை ஏறக்குறைய அடைபட்டது. பெருக்கியோ, பெயரின் ஈற்றில் 'கே' என்ற எழுத்துள்ள சில்லுகளில் மட்டும் திறந்திருந்தது. அந்த எழுத்துக்குத் தனி விலை. அதைப் பயன்படுத்த உயர்ந்த வகை மதர்போர்டு வேண்டும், அதற்கும் தனி விலை. (தாய்ப்பலகை என்று நம் அகராதிகள் சொல்கின்றன. கடையில் அச்சொல்லைச் சொன்னால் "என்ன சார்?" என்பதே விடை.) போலியைத் தடுக்கவே பூட்டு என்றால், கூடுதல் பணம் கொடுத்தவனுக்கு மட்டும் பூட்டைத் திறந்துவிடுவானேன்?

பூட்டின் உள்நோக்கத்தை இன்டெல்லே 2010இல் ஒருமுறை வாய்தவறிச் சொல்லிவிட்டது எனலாம். பென்டியம் ஜி6951 என்னும் சில்லில் சில திறன்களை அணைத்து வைத்து விற்றார்கள். 50 டாலருக்கு ஓர் அட்டை வாங்கி, அதிலுள்ள எண்ணை உள்ளிட்டால் அத்திறன்கள் உயிர்பெறும். அதாவது வாங்கியவனின் மேசைமேல், அவன் மின்சாரத்தில் ஓடும் பொருளின் ஒரு பகுதி அவனுக்குச் சொந்தமில்லை. எதிர்ப்புக் கிளம்பி, 2011இல் அத்திட்டம் ஓசையின்றி மறைந்தது. ஆனால் எண்ணம் மறையவில்லை. ஸ்கைலேக் சில்லுகளில் 'கே' இல்லாதவற்றையும் வேகமேற்றும் வழியைச் சில மதர்போர்டு நிறுவனங்கள் 2015 இறுதியில் திறந்துவிட்டன. 2016இன் தொடக்கத்திலேயே புதிய பயாஸ் வழியாக அது அடைக்கப்பட்டது. 2017இல் ஏஎம்டி தன் ரைசன் வரிசை முழுவதையும் திறந்தே விற்றது. நடுத்தர விலை மதர்போர்டிலும் வேகமேற்ற இடமளித்தது. வானம் இடிந்து விழவில்லை.

ஏஎம்டியைப் புகழ்ந்துவிட்டோமே என்று அதன் அடியார்கள் மகிழ வேண்டாம். ரைசன் 7000 வரிசைக்கு அந்நிறுவனம் அறிவித்த நினைவக வேகம் டிடிஆர்5 5200. ஆனால் சிறந்த பயன் தருவது 6000 என்று அதே நிறுவனம் பரிந்துரைத்தது. எக்ஸ்போ என்ற பெயரில் அதற்கென வசதியும் செய்து, அப்பெயரை ரேம் பெட்டியின்மேல் அச்சிடவும் வைத்தது. அடிக்குறிப்பைப் படித்தால், அறிவித்த வரம்பைத் தாண்டி நினைவகத்தை இயக்கினால் பிராசஸரின் வாரண்டி செல்லாது என்றிருக்கும். இன்டெல்லின் எக்ஸ்எம்பிக்கும் ஏறக்குறைய இதே நிபந்தனைதான். வலக்கையால் பரிந்துரை, இடக்கையால் வாரண்டி பறிப்பு. 2023இல் அந்த வரிசையின் எக்ஸ்3டி சில்லுகள் சில கருகிப்போனபோது, மின்னழுத்தம் 1.3 வோல்ட்டைத் தாண்டாதபடி அவசர அவசரமாகப் பயாஸ் திருத்தம் வெளியிட்டார்கள்.

2024இல் நிகழ்ந்ததோ நகைச்சுவையின் உச்சம். வேகமேற்றாதே, மின்னழுத்தம் கூட்டாதே, சில்லு கெடும் என்று நமக்குப் பல்லாண்டு போதித்த இன்டெல்லின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் சில்லுகளே நிலைகுலைந்து விழத் தொடங்கின. வாங்கியவன் எதையும் மாற்றாத கணினிகளிலும் இது நேர்ந்தது. காரணம், நிறுவனத்தின் சொந்த மைக்ரோகோடு வேண்டுவதைவிடக் கூடுதல் மின்னழுத்தத்தைக் கேட்டுப் பெற்றது. ஆகஸ்டில் திருத்தம் வந்தது, வாரண்டியும் இரண்டாண்டு நீட்டிக்கப்பட்டது. ஏற்கெனவே சேதமடைந்த சில்லை அத்திருத்தம் மீட்காது. போட்டியில் முந்துவதற்காகச் சில்லின் கடைசிச் சொட்டு வேகத்தையும் தொழிற்சாலையிலேயே பிழிந்துவிட்டபின், நம் கைக்கு எஞ்சுவது சில விழுக்காடே. 1998இல் ஏழை மாணவனுக்குக் கிடைத்த ஐம்பது விழுக்காடு இன்று விலைப்பட்டியலில் ஏறிவிட்டது. ஆபத்தை மட்டும் நம்மிடம் விட்டுவைத்திருக்கிறார்கள்.

இனி நம் ஊர்க் கடைத்தெரு. கொள்வதை மிகையாகக் கொள்ளாத, கொடுப்பதைக் குறைவாகக் கொடுக்காத வணிகரைப் பட்டினப்பாலை பாடியது. அண்ணா சாலையிலிருந்து ரிச்சி தெருவுக்குள் திரும்பும் ஒவ்வொரு முறையும் அந்த இடம் நம் நினைவுக்கு வந்து தொலைக்கிறது. அத்தெருவில் நேர்மையானவர்கள் இருக்கிறார்கள், அவர்களிடம் நாம் கற்றதும் நிறைய. ஆயினும் விலை கேட்டவுடன் "பில்லோடயா, பில் இல்லாமலா?" என்ற எதிர்க்கேள்வியை எத்தனை முறை கேட்டிருக்கிறோம்! 18 விழுக்காடு ஜிஎஸ்டி மிச்சமாகும் ஆசையில் பில்லை விட்டவன், ஆறு மாதம் கழித்து வாரண்டிக்கு வந்து நிற்கும்போது அவனை யாருக்கும் அடையாளம் தெரிவதில்லை. 2021இல் கிராபிக்ஸ் கார்டுத் தட்டுப்பாட்டின்போது, கார்டு வேண்டுமானால் மானிட்டரும் எஸ்எம்பிஎஸ்ஸும் சேர்த்து வாங்க வேண்டும் என்ற 'காம்போ' கொள்ளை ஊரெங்கும் நடந்தது. ஒரு பொருளை விற்க இன்னொன்றை வாங்கச் சொல்லி நிபந்தனை விதிப்பதையும், பில் தர மறுப்பதையும் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறைகளாகவே கருதுகிறது. சட்டம் இருக்கிறது என்பதுகூடத் தெரியாமல் வரிசையில் நின்றார்கள் நம் பிள்ளைகள்.

2024இல் நம்மிடம் முதுகலை பயின்ற மாணவர் ஒருவர், பழைய நூல்களை வருடி எழுத்துணரி கொண்டு மின்னாக்கும் வேலைக்காகக் கணினி வேண்டும் என்றார். தந்தை சீட்டு எடுத்துக் கொடுத்த 42,000 ரூபாய். உதிரிபாகங்களின் பட்டியலை நாமே எழுதிக் கொடுத்தோம். நாம் உடன்போகாதது பிழை. அசெம்பிள் செய்து வந்த பெட்டியைத் திறந்து பார்த்தால், இரண்டு 8 ஜிபி ரேமுக்குப் பதில் ஒரே 16 ஜிபி. குறித்துக் கொடுத்த எஸ்எம்பிஎஸ் இருந்த இடத்தில் பெயர் கேள்விப்படாத ஒன்று, எடை பாதி. பிராசஸருக்குரிய பெட்டியே இல்லை. மூன்றாண்டு நிறுவன வாரண்டி உள்ள பெட்டிச் சரக்கின் விலைக்கு, 'ட்ரே' சரக்கை மாட்டியிருந்தார்கள்.

மறுநாள் தந்தை, மகன், நாம் மூவரும் கடைக்குப் போனோம். கடைக்காரர் கோபப்படவில்லை. உண்மையாகவே வியப்படைந்தார்.

"எல்லாம் அதே அயிட்டம்தான் சார், கம்பெனிதான் வேற. இதுக்கெல்லாம் யாரு சார் பெட்டியத் தொறந்து பாக்குறாங்க?"

இந்தக் கேள்வியில்தான் ஜிடி 1030 முதல் குரூசியல் பி2 வரை அனைத்தும் அடக்கம். அவர் சிறு வணிகர், நேரில் நின்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர். அவருக்குப் பாடம் நடத்தியவர்கள் கடல்களுக்கு அப்பால் இருக்கிறார்கள். அந்தக் குரூசியலின் உரிமையாளரான மைக்ரான், செயற்கை நுண்ணறிவு மையங்கள் கேட்கும் நினைவகத்துக்கு முன்னுரிமை தருவதற்காக, அப்பெயரில் நடத்திய நுகர்வோர் வணிகத்தையே விட்டு விலகுவதாக 2025 டிசம்பரில் அறிவித்தது. சில்லறையில் வாங்கும் நாம் இனி ஏமாற்றப்படுவதற்குக்கூடத் தகுதியற்றவர்களாகி வருகிறோம் போலும்.

ஒரு மணி நேர வாக்குவாதத்துக்குப்பின் ரேமும் எஸ்எம்பிஎஸ்ஸும் மாற்றிக் கிடைத்தன. பிராசஸருக்கு மட்டும் அவர் அசையவில்லை. "விடுங்க சார், ஓடுதுல்ல?" என்றார் தந்தை. அவருக்கு அன்று ஒரு நாள் கூலி போயிருந்தது. அதற்குமேல் நாம் வற்புறுத்தவில்லை. அந்தப் பில்லில் பிராசஸர் பெயருக்கு எதிரே 'பெட்டிச் சரக்கு அன்று' என்று கையால் எழுதிக் கையொப்பமும் கடை முத்திரையும் வாங்கிக்கொண்டோம். நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதா வேண்டாமா என்பதை மாணவரின் முடிவுக்கு விட்டோம், அவர் போகவில்லை.

வீட்டில் மின்சாரம் கொடுத்துப் பார்த்தபோது, பெட்டியில் 3200 என்று அச்சிட்டிருந்த ரேம் 2666இல் ஓடிக்கொண்டிருந்தது. பயாஸுக்குள் நுழைந்து ஒரே ஒரு வரியை மாற்றிக் காட்டினோம். அடுத்தமுறை அம்மாணவரே தம் நண்பரின் கணினியை இரண்டு மணி நேரம் கடை மேசையிலேயே திறந்துவைத்து, ஒவ்வொரு பொருளின் வரிசை எண்ணையும் பில்லோடு ஒப்பிட்டுவிட்டுத்தான் எடுத்து வந்தாராம்.