எண்ணத் தெரிந்த அற்புதம்

மின்சார ரயிலில் தாம்பரம் தாண்டி பொத்தேரி வரை ஒருநாள் போய்ப் பாருங்கள். ஒரு பக்கம் பல்கலைக்கழகம், சுற்றிலும் அடுக்குமாடிகள். அவற்றைக் கட்டுகிற தொழிலாளிகள் எங்கே தூங்குகிறார்கள், எங்கே குளிக்கிறார்கள், மொத்தம் எத்தனை பேர்? சதுர அடி என்ன விலை என்று கேளுங்கள், பைசா சுத்தமாகச் சொல்வார்கள். இதைக் கேட்டால் உங்களை ஒரு மாதிரி பார்ப்பார்கள்.

இந்த மாதிரி கேள்விகளையே வாழ்க்கையாக வைத்துக்கொண்ட தமிழர் ஒருவர் இருந்தார். ஜாக்கின் அற்புதம். 1947-ல் கோலார் தங்கவயலில் பிறந்தவர். இளம் வயதில் பம்பாய் போய், தச்சு வேலை பார்த்துக்கொண்டு ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதியில் குடியேறினார். அங்கே மாநகராட்சி குப்பை அள்ள வராது. மனிதர் என்ன செய்தார் தெரியுமா? பிள்ளைகளைத் திரட்டி, ஆளுக்கொரு குப்பைப் பொட்டலத்தோடு போய் மாநகராட்சி அலுவலக வாசலிலேயே கொட்ட வைத்தார்!

பக்கத்தில் இருந்த அணு ஆராய்ச்சி மையத்துக்கு அந்த இடம் தேவைப்பட்டது. பல வருஷம் போராடியும் 1976-ல், நெருக்கடி நிலைக் காலத்தில், காலனியை இடித்தார்கள். ஜனங்களைச் சீத்தா கேம்ப்புக்கு விரட்டினார்கள்.

இந்த இடத்தில்தான் போராளி சிந்தனையாளர் ஆகிறார். கோஷம் மட்டும் போதாது, கையில் கணக்கு வேண்டும்! 1985-ல் நடைபாதைவாசிகள் வழக்கில் உச்ச நீதிமன்றம், பிழைப்புக்கான உரிமையும் வாழும் உரிமையில் அடக்கம் என்றது; ஆனால் அவர்களை அப்புறப்படுத்தவும் வழி விட்டது. அதே வருஷம் ஸ்பார்க் என்ற அமைப்பு நடைபாதைவாசிகளைக் கணக்கெடுத்து அறிக்கை வெளியிட்டது. அதோடும் ‘மஹிளா மிலன்’ பெண்களோடும் கைகோத்த அற்புதத்தின் கூட்டமைப்பு, குடிசைவாசிகளே தங்களை எண்ணிக்கொள்ளும் முறையை ஊர் ஊராகக் கொண்டுபோனது. பி.காம் படித்தவன் என்பதால் சொல்கிறேன்: கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்கிறதோ, பேரம் அவர் பக்கம்தான் சாயும்.

அடுத்தது வீடு. படிக்காத நடைபாதைப் பெண்கள் துணியையும் மரத்தையும் வைத்து முழு அளவில் மாதிரி வீடு கட்டிக் காட்டினார்கள். 14 அடி உயரம், உள்ளே பரண். சின்ன இடத்தில் பெரிய குடும்பம் படுக்க அதுதான் வழி. பொதுக் கழிப்பறை கட்டியபோது குழந்தைகளுக்குத் தனி இடம் ஒதுக்கினார்கள். பெரியவர்களோடு வரிசையில் நின்றால் குழந்தையைப் பிடித்துத் தள்ளிவிட்டுப் போய்விடுவார்கள் என்பது எந்த என்ஜினீயரிங் காலேஜிலும் சொல்லித்தராத பாடம்.

இதையெல்லாம் வைத்து மும்பையில் பிறந்த தமிழரான அர்ஜுன் அப்பாதுரை 2001-ல் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். நல்ல கட்டுரைதான். ஆனால் எழுதியவர் கோட்பாட்டாளர், செய்து காட்டியவர் வெறும் ‘களப்பணியாளர்’ என்று நாம் ஜாதி பிரிக்கிறோமே, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. நகரத்தைப் பற்றிய சிந்தனைக்கும் பூணூல் போட்டுவிட்டோமா என்ன?

அவரை விமர்சித்தவர்களும் உண்டு. ரயில் பாதையோரக் குடிசைகளை அப்புறப்படுத்தும் உலக வங்கித் திட்டத்தில் அவரது கூட்டமைப்பு அரசோடு சேர்ந்து வேலை செய்ததை நான் முழுக்க ஆதரிக்க மாட்டேன். எதிர்க்க வேண்டியவர்களோடு உட்கார்ந்து டீ குடித்தால் குரல் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். ஆனால் அங்கே யார் போகிறார்கள், எங்கே போகிறார்கள் என்ற பட்டியல் ஜனங்கள் கையிலும் இருந்தது.

நம் ஊருக்கு வருவோம். குடிசை மாற்று வாரியம் 1970-ல் வந்தது. 2021-ல் பெயரை மாற்றினார்கள், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று. கூவம் கரையில் இருந்தவர்களை அள்ளிக்கொண்டுபோய் பெரும்பாக்கத்தில் எட்டடுக்கு மாடிகளில் வைத்தார்கள். வீட்டு வேலைக்குப் போகிற பெண்ணுக்குப் பஸ் நேரமும் படியேற முடியாத கிழவிக்கு லிஃப்டும் முக்கியம் என்று, வரைபடம் போடும்போது அவர்களையே கூப்பிட்டு உட்கார வைத்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பார்கள்.

அற்புதத்துக்கு 2000-ல் மகசேசே விருது, 2011-ல் பத்மஸ்ரீ. 2018 அக்டோபரில் மும்பையில் காலமானார். உங்கள் பிள்ளை கட்டடக் கலை படிக்கிறதா? இந்தப் பெயரை வகுப்பில் சொன்னார்களா என்று இன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது கேட்டுப் பாருங்கள்.