தூக்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்னும் நம்பிக்கை: குழந்தைகள் மையங்களின் வெளியேற்றத் திட்டம் குறித்த ஒரு மறுப்பு

தீ, வெள்ளம், நிலநடுக்கம், எரிவாயுக் கசிவு முதலிய இடர்கள் நேரும்போது குழந்தைகளை எந்த வழியாக, எவருடைய பொறுப்பில், எந்த இடத்திற்குக் கொண்டு சேர்ப்பது என்பதை முன்கூட்டியே வகுத்து, எழுதி, பழகி வைத்திருக்கும் ஏற்பாட்டை வெளியேற்றத் திட்டம் என்பர். இது பெரிய பள்ளிகளுக்கும் அடுக்குமாடி அலுவலகங்களுக்கும் உரியது, பத்து இருபது குழந்தைகள் மட்டுமே இருக்கும் காப்பகத்திற்கோ அங்கன்வாடி மையத்திற்கோ இது மிகை என்னும் கருத்து, மையங்களை நடத்துவோரிடமும் பெற்றோர் பலரிடமும் வேரூன்றியிருக்கிறது. இக்கருத்தைத் தாங்கி நிற்கும் வாதங்கள் ஐந்து: இடம் சிறியது, பணியாளர்கள் பாசமும் சமயோசிதமும் உள்ளவர்கள், சான்றிதழும் தீயணைப்பானும் இருக்கின்றன, ஒத்திகை பிஞ்சுகளைப் பயமுறுத்தும், இதற்கெல்லாம் ஆளும் பணமும் இல்லை. இவற்றுள் கடைசி வாதத்தில் மட்டும் ஓரளவு நியாயம் உண்டு. மற்ற நான்கும் ஆராய்ந்து பார்த்தால் நிற்பவை அல்ல.

இடம் சிறியது, வாசல் பக்கத்திலேயே இருக்கிறது என்னும் முதல் வாதம், வெளியேறுவதன் கடினத்தைத் தூரத்தைக் கொண்டு அளக்கிறது. பெரியவர்கள் பணிபுரியும் கட்டடத்தில் அந்த அளவுகோல் ஓரளவு பொருந்தும். ஏனெனில் அங்கே ஒவ்வொருவரும் தம் காலில் நடந்து வெளியேறுகிறார். குழந்தைகள் மையத்திலோ ஒரு பகுதியினருக்கு நடக்கவே தெரியாது. நடப்பவர்களும் சொன்னவுடன் சொன்ன திசையில் நடப்பதில்லை. இருபது குழந்தைகளும் இரு பெண்களும் உள்ள ஒரு மையத்தில் ஆறு பேர் இன்னும் நடை பழகாதவர்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவரும் ஆளுக்கு இரண்டு கைக்குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டால், உள்ளே இரண்டு கைக்குழந்தைகளும் நடக்கத் தெரிந்த பதினான்கு பேரும் எஞ்சியிருப்பர். ஒருவர் திரும்பி உள்ளே போனால், வெளியே வந்த பிள்ளைகளைத் தெருவின் வண்டிகளிடமிருந்து காக்க மற்றவர் ஒருவர்தான் உண்டு. இருவருமே போனால் அதற்கும் ஆளில்லை. வாசல் பத்தடியில் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இதனோடு புகையின் இயல்பையும் சேர்த்து எண்ண வேண்டும். சூடான புகை மேலெழுந்து கூரையின் அடியில் தேங்கி, அங்கிருந்து படிப்படியாகக் கீழே இறங்குகிறது. ஆகவே நிமிர்ந்து நிற்கும் பெரியவரின் முகத்தையும், அவர் தோளில் சாய்ந்திருக்கும் குழந்தையின் முகத்தையும் அது முதலில் எட்டுகிறது. இளங்குழந்தைகள் பெரியவர்களைவிட விரைவாக மூச்சு விடுபவர்கள் என்பதால், அதே காற்றிலிருந்து தம் உடல் எடைக்கு மிகுதியான நஞ்சை உள்ளிழுக்கிறார்கள். சிறிய அறை என்பது புகை நிரம்ப ஆகும் நேரத்தையும் சிறிதாக்கிவிடுகிறது. இடத்தின் சிறுமை ஆறுதலுக்குரியது என்னும் எண்ணம் இவ்வாறு நேர் எதிரான முடிவில் போய் நிற்கிறது.

இரண்டாவது வாதம் பணியாளர்களின் அன்பைச் சுட்டுவது. அந்த அன்பை எவரும் ஐயுறுவதில்லை. ஐயத்திற்குரியது, முன்னேற்பாடு இல்லாத அன்பு நெருக்கடியில் என்ன செய்ய முடியும் என்பதே. 2011 மார்ச் 11 அன்று ஜப்பானைத் தாக்கிய நிலநடுக்கத்திற்குப் பின், இஷினோமாக்கி நகரத்தின் ஒக்காவா தொடக்கப் பள்ளியில் ஆசிரியர்கள் மாணவர்களை முற்றத்தில் திரட்டி, அடுத்து எங்கே செல்வது என்று தெளியாமல் ஏறத்தாழ 50 நிமிடங்கள் நிறுத்தி வைத்திருந்தனர். பள்ளியின் பின்புறமே குன்று இருந்தது. ஆழிப்பேரலையில் 74 மாணவர்களும் 10 ஆசிரியர்களும் பலியாயினர். குழந்தைகளோடு சேர்ந்து உயிர்விட்ட ஆசிரியர்களுக்குப் பாசம் இல்லை என்று எவராலும் சொல்ல முடியாது. அவர்களிடம் இல்லாதது, ஆழிப்பேரலை வந்தால் போக வேண்டிய இடம் எது என்று முன்பே முடிவு செய்யப்பட்ட விடை. 2018ஆம் ஆண்டு செண்டாய் உயர் நீதிமன்றம், பேரிடருக்கு முன்பாகவே தகுந்த கையேட்டை வகுத்துத் திருத்தி வைக்கும் கடமையில் பள்ளியும் கல்வி வாரியமும் தவறின என்று தீர்ப்பளித்தது. 2019இல் அது உறுதியாயிற்று. அந்நேரத்தில் எடுக்கும் முடிவின் மேல் மட்டும் பொறுப்பைச் சுமத்தாமல், முன்னதாக எடுக்காமல் விட்ட முடிவின் மேல் பொறுப்பை வைத்ததே அத்தீர்ப்பின் சிறப்பு.

இதன் மறுபக்கமும் அதே நாட்டில், அதே நாளில் காணக் கிடைக்கிறது. ஜப்பானின் குழந்தைநல நிலையங்கள் மாதம் ஒருமுறையேனும் வெளியேற்ற ஒத்திகை, அதாவது உண்மையான இடர் நேர்ந்தது போலவே பாவித்து வெளியேறிப் பழகும் பயிற்சி, நடத்த வேண்டும் என்பது அங்குள்ள விதி. இவாத்தே மாநிலக் கடற்கரையில் உள்ள நோதா என்னும் ஊரின் குழந்தைகள் காப்பகம் அவ்வாறு மாதந்தோறும் பழகி வந்தது; அன்று அலையில் கட்டடம் அழிந்தது, குழந்தைகள் அனைவரும் பிழைத்தனர். சமயோசிதம் எனப் புகழப்படுவதில் பெரும்பகுதி, பலமுறை செய்து பழகியதைத் தயங்காமல் செய்வதுதான்.

சான்றிதழும் தீயணைப்பானும் போதும் என்பது மூன்றாவது வாதம். மெக்சிகோவின் எர்மோசியோ நகரத்தில் ஏபிசி என்னும் குழந்தைகள் காப்பகம், கிடங்காக இருந்து மாற்றியமைக்கப்பட்ட ஒரு கட்டடத்தில் இயங்கி வந்தது. 2009 ஜூன் 5 அன்று பக்கத்துக் கிடங்கில் பற்றிய தீ அதன் கூரைக்குப் பரவி 49 குழந்தைகளின் உயிரைக் கொண்டுபோனது. தீக்குச் சில நாட்களுக்கு முன்புதான் அந்தக் காப்பகம் ஆய்வில் தேறியிருந்தது. அவசர வாயில் உரிய நேரத்தில் பயன்படவில்லை. அக்கம்பக்கத்தார் வண்டியைக் கொண்டு மோதிச் சுவரை உடைத்து வழி செய்ய வேண்டியதாயிற்று. சான்றிதழ் என்பது ஆய்வாளர் வந்த நாளில் கட்டடம் இருந்த நிலைக்கு மட்டுமே சாட்சி. அதன் பின் அந்தக் கதவின் முன் அரிசி மூட்டை அடுக்கப்பட்டதா, குழந்தைகள் தெருவுக்கு ஓடிவிடாமலிருக்கப் பூட்டிய கிரில் கேட்டின் சாவி எவர் இடுப்பில் இருக்கிறது என்பவற்றை அது சொல்லாது. பெற்றோரின் கண்ணீருக்குப் பின் 2011இல் மெக்சிகோ இயற்றிய குழந்தைகள் பராமரிப்புச் சட்டம், கட்டடத்தில் வழக்கமாக இருக்கும் அனைவரும் பங்கேற்கும் ஒத்திகையை இரண்டு மாதங்களுக்கு ஒருமுறையேனும் நடத்தப் பணித்தது, இந்தப் பாடத்தை உணர்ந்தேயாம்.

தீயணைப்பானைப் பற்றியும் தெளிவு வேண்டும். அது தொடங்கும் நிலையிலுள்ள சிறு தீயை அணைக்க உதவும் கருவி. குழந்தைகளை வெளியேற்றும் கருவி ஆகாது. இரண்டே பேர் உள்ள மையத்தில் ஒருவர் தீயோடு போராடினால், குழந்தைகளுக்கு ஒருவரே மிஞ்சுவார். எனவே முதலில் வெளியேற்றம், பிறகே மற்றவை என்னும் வரிசையை முன்பே முடிவு செய்து பழகியிருந்தால்தான் சுவரில் தொங்கும் தீயணைப்பானாலும் பயன் உண்டு.

தமிழ்நாட்டிற்கு இது அயலூர்ச் செய்தி அன்று. 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிச் சமையற்கூடத்தில் எழுந்த தீ கீற்றுக் கூரைக்குத் தாவி 94 குழந்தைகளைப் பலிகொண்டது. அதன் தொடர்ச்சியாக உச்ச நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட பொதுநல வழக்கில், பாதுகாப்பான பள்ளியில் கற்பதும் கல்வி உரிமையின் பகுதியே என்று 2009 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது. கீற்றுக் கூரைகளை அகற்றியதோடு பாடம் முடிந்துவிட்டதாகக் கருதுவதுதான் இன்றைய பெருங்குறை. கூரை மாறினாலும், அடுப்பும் எரிவாயு உருளையும் குழந்தைகள் உறங்கும் அறைக்கு அடுத்த அறையில் இருக்கும் மையங்கள் இன்றும் உள்ளன.

ஒத்திகை குழந்தைகளைப் பயமுறுத்தும் என்னும் நான்காவது வாதம் அக்கறையிலிருந்து பிறந்தது. ஆயினும் அச்சத்தின் காரணத்தைத் தவறாகக் கணிக்கிறது. தீ விபத்தில் சிறு குழந்தைகள் கட்டிலின் அடியிலும் அலமாரியிலும் போர்வைக்குள்ளும் ஒளிந்துகொள்வது தீயணைப்புத் துறையினர் நன்கறிந்த ஒன்று; பழகாத ஓசையும் பழகாத பதற்றமும் அவர்களை மறைவிடம் தேடச் செய்கின்றன. மணி அடித்தால் விளையாட்டை அப்படியே விட்டுவிட்டு, கண்ணி போட்ட நடைக்கயிற்றை ஆளுக்கொரு கண்ணியாகப் பிடித்துக்கொண்டு, பாட்டுப் பாடியபடி வேப்பமரத்தடிக்குப் போவது என்பது மூன்று வயதுப் பிள்ளைக்கு மற்றுமொரு விளையாட்டே. செயற்கைப் புகையோ அலறலோ அதற்குத் தேவையில்லை. பழகிய மணியோசையே உண்மையான நாளில் அக்குழந்தையை ஒளிவிடத்தை விட்டு வெளியே இழுக்கும். மேலும், ஒத்திகையில் உண்மையாகச் சோதிக்கப்படுபவர்கள் பெரியவர்கள். ஆகவே மதியத் தூக்கத்தின்போது ஒருமுறை, சமையல் நடக்கும்போது ஒருமுறை, பணியாளர் விடுப்பில் இருக்கும் நாளில் ஒருமுறை என நேரத்தை மாற்றி நடத்தினால்தான் திட்டத்தின் ஓட்டைகள் வெளிப்படும்.

ஆளும் பணமும் இல்லை என்னும் ஐந்தாவது வாதத்தில்தான் உண்மை உள்ளது. 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணிகள் திட்டத்தின்கீழ் ஓர் அங்கன்வாடி மையத்திற்கு ஒரு பணியாளரும் ஓர் உதவியாளருமே உள்ளனர். முன்பருவக் கல்வி, சத்துணவு, எடை பார்த்தல், பதிவேடுகள், கைப்பேசிச் செயலியில் விவரம் ஏற்றுதல் என அவர்கள் தலைமேல் உள்ள சுமை சிறிதன்று. ஐம்பது பேரோ அதற்கு மேற்பட்டோரோ பணிபுரியும் நிறுவனங்கள் குழந்தைகள் காப்பக வசதி தரவேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் மகப்பேறு நலத் திருத்தச் சட்டம் விதித்த பின் தோன்றிய காப்பகங்களிலும் ஆள் பற்றாக்குறை இல்லாமல் இல்லை. ஆனால் ஆள் குறைவு என்பது திட்டத்தைக் கைவிடுவதற்குக் காரணம் ஆகாது. ஆள் குறையக் குறையத்தான் எவர் எதைச் செய்வது என்பதை முன்பே பங்கிட்டு வைப்பது இன்றியமையாததாகிறது. அடுத்த வீட்டுக்காரர், எதிர்க் கடைக்காரர், மகளிர் சுயஉதவிக் குழுவினர் ஆகியோருள் மணியோசை கேட்டதும் ஓடிவருவோர் இன்னின்னார் என்று பேசி, அவர்களையும் ஒத்திகைக்கு அழைத்தால் உதவும் கைகள் பெருகும். கைக்குழந்தைகள் நால்வரை ஒருசேரத் தள்ளிச் செல்லும்படி கட்டிலுக்குச் சக்கரம் பொருத்துவதும், ஒரு நடைக்கயிறும், ஒரு கைமணியும் எந்த மையத்தின் வரவுசெலவையும் கவிழ்க்கக்கூடியவை அல்ல. பணியாளரின் நேரத்தை ஒதுக்கித் தருவதும் பயிற்சி தருவதும் மட்டுமே அரசும் நிறுவனங்களும் ஏற்க வேண்டிய செலவு. அதை அப்பெண்களின் தனிப்பட்ட தியாகமாக விட்டுவிடுவது முறையன்று.

செலவே இல்லாமல் செய்யத்தக்கதும் மிக முதன்மையானதுமான ஒன்று உண்டு, அது எண்ணிக்கை. வருகைப் பதிவேடு அலமாரியில் இராமல் வாசலருகே ஆணியில் தொங்க வேண்டும். வெளியேறும் கடைசி ஆள் அதை எடுத்து வர வேண்டும். கூடுமிடத்தில், அதாவது கட்டடத்திலிருந்து விலகி அனைவரும் சேர்ந்து நிற்கும் இடத்தில், பெயர் சொல்லி எண்ண வேண்டும். பதற்றத்தோடு வந்த பெற்றோர் கிடைத்த பிள்ளையை வாரிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டால், இல்லாத குழந்தையைத் தேடித் தீயணைப்பு வீரர் புகைக்குள் நுழைவார். அல்லது உள்ளே சிக்கிய குழந்தை வீட்டிற்குப் போயிருக்கும் என்று எண்ணித் தேடாமல் விடப்படும். பிள்ளையைப் பெற்றுக்கொள்ள உரிமை உடையவர் எவர் என்ற பட்டியலும், ஒப்படைத்ததும் பெயருக்கு நேரே குறியிடும் வழக்கமும் இந்த இரு கொடுமைகளையும் தடுக்கின்றன.

ஆகவே, மையத்திற்கு அனுமதி அளிக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் கட்டடத்தின் உறுதியோடு ஒத்திகை நடந்த நாள், வெளியேற ஆன நேரம், கண்ட குறை, செய்த திருத்தம் ஆகியவை எழுதிய பதிவேட்டையும் அதிகாரிகள் கேட்க வேண்டும். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் கட்டணத்தையும் உணவையும் விசாரிப்பது போலவே, கடைசி ஒத்திகை என்று நடந்தது, கூடுமிடம் எது, நடக்காத குழந்தைகளைத் தூக்குபவர் எவர் என்று விசாரிக்க வேண்டும். தன் காலால் வெளியேற முடியாத ஒருவரைப் பூட்டிய கதவுக்குள் வைத்துக் காக்கப் பொறுப்பேற்பவர், அக்கதவைத் திறந்து அவரை வெளியே கொண்டுவரும் வழியையும் அப்பொழுதே ஏற்றுக்கொள்கிறார். அந்த வழியைப் பழகி வைக்காதவரை அப்பொறுப்பு பாதிதான் நிறைவேறியிருக்கிறது.