எந்தத் தேதியில் இருந்து சீனியர்?

அரசாங்க உத்தியோகத்தில் ஒருவராவது இருக்கும் வீட்டில் 'சீனியாரிட்டி லிஸ்ட்' என்ற வார்த்தையைக் கேட்காமல் யாரும் வளர்ந்திருக்க முடியாது. அகவிலைப்படி எல்லோருக்கும் ஒன்றாக ஏறும், போனஸ் எல்லோருக்கும் ஒன்றாக வரும். இந்த லிஸ்ட் மட்டும் தான் பக்கத்து நாற்காலிக்காரரோடு மனஸ்தாபத்தைக் கொண்டு வரும். வரிசை எண், பெயர், பிறந்த தேதி, பணியில் சேர்ந்த தேதி, தகுதிகாண் பருவம் முடிந்த தேதி... பார்த்தால் ஸ்கூல் அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் மாதிரி இருக்கும். ஆனால் ஒருவர் ரிட்டயர் ஆகும் போது எந்தப் பதவியில் இருப்பார் என்பது அந்த முதல் கட்டத்தில் இருக்கும் நம்பரில் அடங்கியிருக்கிறது.

ஐ.ஏ.எஸ். அதிகாரி ஒருவரை அவருடைய ஜூனியர் தாண்டிப் போய் விட்டால் மறுநாள் பேப்பரில் வரும். கிராம சுகாதார செவிலியரை ஒருவர் தாண்டிப் போனால் எந்தப் பேப்பரிலும் வராது. அவர்கள் யார் என்றே நகரத்துப் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது என்பதால் கொஞ்சம் விளக்கம். ஊரில் இவர்களுக்குப் பெயர் 'நர்சம்மா'. ஆபீஸ் பாஷையில் வி.எச்.என். துணை சுகாதார நிலையம் இவர்களுடைய இடம். கர்ப்பிணிகளைத் தேடிப் பிடித்துப் பதிவது, இரும்புச் சத்து மாத்திரை, புதன்கிழமை தடுப்பூசி, முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதிக்கான விவரம், பிறப்பு, இறப்பு, காய்ச்சல் கணக்கு என்று எல்லாம் இவர்கள் தலையில். 1973 இல் கர்தார் சிங் கமிட்டி, தனித்தனி நோய்க்குத் தனித்தனி ஊழியர் வேண்டாம், எல்லா வேலையும் பார்க்கும் பல்நோக்குப் பணியாளர் போதும் என்று சொன்னதில் இருந்து இந்தப் பொதி ஏற ஆரம்பித்தது. இன்னும் இறங்கவில்லை. தமிழ்நாட்டில் பிரசவத்தில் தாய் இறப்பது லட்சத்துக்கு 54 (2018-20 கணக்கு), இந்தியா முழுவதற்கும் 97 என்று பெருமையாகச் சொல்கிறார்களே, அந்தப் பெருமையின் பெரும் பகுதி இவர்கள் நடந்த நடை.

இவர்களுக்கு மேலே உள்ள ஏணி இப்படி: கிராம சுகாதார செவிலியர், பகுதி சுகாதார செவிலியர், வட்டாரத்தில் சமுதாய சுகாதார செவிலியர், மாவட்டத்தில் தாய் சேய் நல அலுவலர். தமிழ்நாட்டில் துணை சுகாதார நிலையங்கள் 8,713. ஆறு துணை நிலையத்துக்கு ஒரு மேற்பார்வையாளர் என்பது நாடு முழுக்க உள்ள விதி. கணக்குப் போட்டுப் பாருங்கள், ஏறக்குறைய 1,450 இடம் வருகிறது. அதற்கு மேலே வட்டாரத்துக்கு ஒருவர் என்றால் நானூறு கூட இல்லை. அதாவது ஆறு பேரில் ஐந்து பேர் எந்த நேரத்திலும் கீழ்ப்படியில் தான் நிற்க முடியும். 10 வருடம் ஆனால் தேர்வு நிலை, 20 வருடம் ஆனால் சிறப்பு நிலை என்று சம்பளத்தில் ஓர் ஆறுதல் உண்டு. ஆனால் பையைத் தூக்கிக் கொண்டு அதே தெருவுக்குத் தான் போக வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் முட்டி வலியோடு தெருத்தெருவாக நடப்பவருக்கு ப்ரமோஷன் என்பது கௌரவப் பிரச்சனை மட்டும் இல்லை.

ஓய்வு வயதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 2020 மே மாதம் 58 என்பது 59 ஆனது. 2021 இல் 60 ஆனது. மேலே இருப்பவர்களுக்கு நல்ல செய்தி தான். ஆனால் 2020 மே மாதம் வீட்டுக்குப் போக வேண்டியவர் 2022 மே மாதம் தான் போனார் என்றால், நடுவில் இரண்டு வருடம் ஓய்வு மூலமாக வர வேண்டிய காலியிடமே வரவில்லை. கொரோனா வார்டுக்கும் கண்டெய்ன்மெண்ட் தெருவுக்கும் இவர்கள் ஓடிய அதே இரண்டு வருடம்!

இவ்வளவு குறுகலான ஏணியில் யார் முதலில் ஏறுவது என்பதை ஒரு தேதி தீர்மானிக்கிறது. அந்தத் தேதி எப்படி உருவாகிறது என்பதில் தான் கோளாறு.

அயனம்பாக்கத்தையே எடுத்துக் கொள்ளலாம். ஒரு ஏரி, அதை நெருக்கிக் கொண்டு வரும் அடுக்குமாடிகள், வானகரம் - அம்பத்தூர் சாலையில் அப்போலோ. ஒரு பக்கம் அம்பத்தூர், இன்னொரு பக்கம் திருவேற்காடு, கொஞ்சம் தள்ளினால் வானகரம். இந்தச் சுற்றுவட்டாரத்தில் எல்லைக் கோடு ஒரு இடத்தில் நின்றதில்லை. 2011 இல் அம்பத்தூர் நகராட்சி சென்னை மாநகராட்சிக்குள் போனது. 2018 இல் அம்பத்தூர், மதுரவாயல் வட்டங்கள் திருவள்ளூர் மாவட்டத்தை விட்டு சென்னை மாவட்டத்துக்கு வந்தன. 2019 இல் ஆவடி மாநகராட்சி ஆனது. வீட்டு வரி, தண்ணீர், குப்பை வண்டி என்று மக்கள் கவலைப்பட்டார்கள். நர்சம்மாவைப் பற்றி யாரும் யோசிக்கவில்லை.

கோட்டுக்கு அந்தப் பக்கம் கிராமம் என்றால் சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம், அதில் பொது சுகாதாரத் துறையின் நிரந்தரப் பணியாளர். இந்தப் பக்கம் நகரம் என்றால் 2013 இல் வந்த தேசிய நகர்ப்புற சுகாதார இயக்கத்தின் கணக்கு. குறைந்தது 10,000 பேருக்கு ஒரு செவிலியர், அதுவும் பெரும்பாலும் ஒப்பந்தத்தில், தொகுப்பூதியத்தில். இரண்டு பேரும் படித்தது ஒரே ஏ.என்.எம். படிப்பு. தூக்குவது ஒரே தடுப்பூசிப் பெட்டி. ஒருவருக்கு லிஸ்டில் நம்பர் இருக்கிறது. இன்னொருவர் எந்த லிஸ்டிலும் இல்லை.

சரி, ஒப்பந்தத்தில் எட்டு வருடம் வேலை பார்த்தவர் பிறகு முறைப்படி தேர்வாகி நிரந்தரப் பணிக்கு வருகிறார் என்று வைத்துக் கொள்ளுங்கள். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2012 இல் வந்தது. 2023 அக்டோபரில் இந்தப் பதவிக்கு ஒரே மூச்சில் 2,250 இடங்களை அறிவித்தது. அதில் நேற்று படிப்பை முடித்த பெண்ணும் எட்டு வருடம் நடந்த பெண்ணும் சேர்ந்தால் இரண்டு பேருக்கும் ஒரே தொடக்கக் கோடு. மார்க் குறைவு என்றால் எட்டு வருடக்காரர் தான் ஜூனியர்.

சட்டம் என்ன சொல்கிறது? 1990 இல் மகாராஷ்டிர பொறியாளர்கள் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு இதைத் தெளிவாகச் சொல்லி விட்டது. விதிப்படி நியமனம் ஆனவருக்கு நியமனத் தேதியில் இருந்து சீனியாரிட்டி. விதிக்கு வெளியே தற்காலிகமாக வைத்திருந்த காலம் கணக்கில் வராது. 2006 இல் உமாதேவி வழக்கும் இதே திசையில் தான் போனது. கொல்லைப்புறமாக வேண்டியவர்களை நுழைத்து விட்டு பிறகு நிரந்தரம் ஆக்கும் தந்திரத்தைத் தடுக்க வந்த தீர்ப்புகள் இவை. அந்த நோக்கத்தில் தப்பு சொல்ல முடியாது. ஆனால் அரசாங்கமே விளம்பரம் கொடுத்து, சான்றிதழ் பார்த்து, வருடக்கணக்கில் ஒப்பந்தத்தைப் புதுப்பித்துக் கொண்டே வந்தால் அது கொல்லைப்புறம் ஆகுமா? வாசல் கதவைத் திறந்து உள்ளே கூப்பிட்டு விட்டு, "நீ வந்த வழி சரியில்லை" என்று சொல்வது போல இருக்கிறது.

தேதிக்கு இவ்வளவு அழுத்தம் கொடுப்பது ப்ரமோஷனுக்காக மட்டும் இல்லை. 2003 ஏப்ரல் 1 அல்லது அதற்குப் பிறகு சேர்ந்தவர்கள் பழைய ஓய்வூதியத்துக்கு வெளியே, பங்களிப்புத் திட்டத்தில் வைக்கப்பட்டார்கள். மார்ச் 31 என்றால் ஒரு வாழ்க்கை, ஏப்ரல் 1 என்றால் வேறு வாழ்க்கை.

ஒரே செலக்‌ஷனில் வந்தவர்களுக்குள் கூட சண்டை உண்டு. நேரடித் தேர்வில் வந்தவர்களை இட ஒதுக்கீட்டு ரோஸ்டர் வரிசையில் வைப்பதா, தேர்வு மார்க் வரிசையில் வைப்பதா என்று தமிழ்நாட்டில் பெரிய வழக்கு நடந்தது. மார்க் வரிசை தான் என்று 2016 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் வரை போய் முடிந்தது. அதே வருடம் அரசு பணி நிபந்தனைகள் சட்டம் ஒன்றைக் கொண்டு வந்து ரோஸ்டர் வரிசையைக் காப்பாற்றப் பார்த்தது. அதன் 40 ஆவது பிரிவை 2019 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. வேலை கிடைப்பதற்கு இட ஒதுக்கீடு மிக அவசியம். கிடைத்த பிறகு வரிசை எப்படி என்பது தனிக் கேள்வி. இரண்டையும் குழப்பியதில் வருடங்கள் கோர்ட்டில் போயின.

இதுவரை சொன்னதெல்லாம் ஆணுக்கும் பொருந்தும். அடுத்து வருபவை பெரும்பாலும் பெண்ணை மட்டுமே அடிப்பவை.

மாவட்டத்தை ஓர் அலகாக வைத்து சீனியாரிட்டி பார்க்கும் அரசுப் பதவிகளில் பொதுவாக ஒரு விதி உண்டு. நிர்வாகக் காரணத்துக்காக மாற்றினால் பழைய இடம் போகாது. சொந்த விருப்பத்தில் வேறு அலகுக்குப் போனால் அங்கே கடைசி ஆள். காகிதத்தில் நியாயமான விதி. நேற்று வந்தவர் அங்கே ஏற்கனவே இருப்பவர்களின் தலைக்கு மேல் உட்காரக் கூடாது தானே? ஆனால் நடைமுறையில் இந்த 'சொந்த விருப்பம்' யாருடையது? கல்யாணம் ஆனதும் ஊர் மாறுவது பெண். புருஷனுக்கு ட்ரான்ஸ்ஃபர் என்றால் மாறுவது பெண். மாமியார் படுத்து விட்டால் மாறுவதும் பெண். எல்லாவற்றையும் 'சொந்த விருப்பம்' என்ற ஒரே கட்டத்தில் டிக் அடித்து விடுகிறது ஃபாரம்.

இன்னொன்று பிரசவம். தமிழக அரசு ஊழியர்களுக்கு மகப்பேறு விடுப்பு 2011 இல் ஆறு மாதம், 2016 இல் ஒன்பது மாதம், 2021 இல் ஒரு வருடம் என்று வளர்ந்தது. நல்ல விஷயம். ஆனால் அந்த விடுப்பு தகுதிகாண் பருவத்தில் சேராமல் இருந்தது. வேலையில் சேர்ந்த புதிதில் குழந்தை பெற்றுக் கொண்டால் தகுதிகாண் பருவம் தள்ளிப் போகும், அதோடு ப்ரமோஷன் தகுதியும் தள்ளிப் போகும். ஊரில் உள்ள அத்தனை கர்ப்பிணிகளையும் "ஓய்வெடும்மா, கனமா எதையும் தூக்காதே" என்று சொல்லும் நர்சம்மா, தான் ஓய்வெடுத்ததற்கு வரிசையில் விலை கொடுத்திருக்கிறார். 2025 ஏப்ரல் மாதம் முதலமைச்சர் சட்டசபையில் 110 விதியின் கீழ், இனி மகப்பேறு விடுப்பும் தகுதிகாண் பருவத்தில் கணக்காகும் என்று அறிவித்தார். வரவேற்க வேண்டிய அறிவிப்பு. ஆனால் பல பேட்ச் பெண்களுக்கு இது ரொம்ப லேட்.

"இவ்வளவு சிக்கல் இருக்கிற சீனியாரிட்டியையே தூக்கி எறிந்து விட்டு, நன்றாக வேலை செய்பவருக்கு ப்ரமோஷன் கொடுத்தால் என்ன?" என்று ஐ.டி. கம்பெனி அப்ரைசல் பார்த்தவர்கள் கேட்பார்கள். நல்ல கேள்வி தான், ஆனால் இதை ஏற்கனவே ஒரு விதத்தில் செய்து பார்த்தாகி விட்டது. குடும்பக் கட்டுப்பாட்டுக்கு இத்தனை 'கேஸ்' பிடிக்க வேண்டும் என்று இலக்கு வைத்து சுகாதார ஊழியர்களை அளந்த காலம் இருந்தது. கேஸ் பிடிக்கும் அவசரத்தில் எதிரே நிற்கும் பெண்ணின் விருப்பம் காணாமல் போனது. கடைசியில் 1996 ஏப்ரலில் மத்திய அரசே அந்த இலக்கு முறையைக் கைவிட்டது. இன்று நம்பரை வைத்து ப்ரமோஷன் என்றால் அது கம்ப்யூட்டர் பதிவில் எத்தனை கட்டம் பச்சையாக இருக்கிறது என்பதில் போய் முடியும். பதிவு சுலபமான தெரு ஒன்று உண்டு, செக்யூரிட்டி உள்ளேயே விடாத அபார்ட்மெண்ட் ஒன்று உண்டு, மூன்று மாதத்துக்கு ஒரு முறை இடம் மாறும் கட்டடத் தொழிலாளர் கொட்டகை ஒன்று உண்டு. எந்தப் பகுதி யாருக்கு என்பதை முடிவு செய்பவர் கையில் ப்ரமோஷனும் போய் விடும். சிபாரிசுக்குப் பிடி கொடுக்காத ஒரே விஷயம் அந்தத் தேதி தான். அதனால் தான் சங்கங்கள் லிஸ்டை அப்படிக் கட்டிப் பிடித்துக் கொள்கின்றன. அது சோம்பேறித்தனம் இல்லை, அனுபவம்.

ஆகவே லிஸ்ட் இருக்கட்டும். எண்ணும் முறை மாறட்டும். முறையாக விளம்பரம் செய்து எடுத்த ஒப்பந்தப் பணிக்கு, நிரந்தரம் ஆகும் போது முழுதாக இல்லாவிட்டாலும் ஒரு பங்காவது கணக்கில் வர விதி செய்யலாம். கோர்ட் தடுப்பது விதிக்கு வெளியே நடப்பதைத் தானே, விதியை எழுதும் பேனா அரசாங்கத்திடம் தான் இருக்கிறது. திருமணத்துக்கும் கணவன் மனைவி ஒரே ஊரில் இருப்பதற்கும் கேட்கும் மாற்றத்தை, ஒரு முறையாவது 'சொந்த விருப்பம்' என்ற கட்டத்தில் இருந்து வெளியே எடுக்கலாம். மகப்பேறு விடுப்புச் சலுகையைப் பழைய பேட்ச்களுக்கும் நீட்டி, தள்ளிப் போன தேதிகளைத் திருத்தலாம். வருடா வருடம் குறிப்பிட்ட தேதியில் தற்காலிக லிஸ்டை வெளியிட்டு, ஆட்சேபணை வாங்கி, முடிக்கலாம். ஓய்வு பெற ஆறு மாதம் இருக்கும் போது தன் பெயர் தப்பான இடத்தில் இருப்பதைக் கண்டு பிடிப்பவர் யாரிடம் போய் முறையிடுவார்?

இதற்குள் புதிதாக ஒரு முடிச்சும் விழுந்திருக்கிறது. துணை சுகாதார நிலையங்களை நலவாழ்வு மையம் ஆக்குகிறோம் என்று இடைநிலை சுகாதாரப் பணியாளர்களை ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். 2021 இல் தமிழ்நாட்டில் அறிவித்தது 4,848 இடம். கூடுதல் படிப்பு படித்த இளம் செவிலியர் ஒருவர், இருபது வருடம் அதே ஊரில் இருக்கும் நர்சம்மா ஒருவர், இருவருக்கும் ஒரே சின்னக் கட்டடம். ஒருவருக்கு சர்வீஸ் உண்டு, மற்றவருக்குப் பட்டம் உண்டு. காலையில் யார் யாருக்கு வேலை சொல்வது என்பதை எந்த சீனியாரிட்டி லிஸ்டும் சொல்லவில்லை. இருவரும் அனுசரித்துப் போகும் இடங்களில் மட்டும் வேலை நடக்கிறது.